செங்கரட்டுப்பட்டியின் சராசரி மழை

செங்கரட்டுப்பட்டியில் வருடத்துக்குச் சராசரியாக எண்ணூற்று நாற்பது மில்லிமீட்டர் மழை பெய்யும் என்று பொதுப்பணித்துறையின் கால்வாய் பங்களா முகப்புச் சுவரில் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவனைக் குற்றம் சொல்ல முடியாது. கொடுத்த எண்ணை அவன் எழுதினான். ஆனால் அந்த எண்ணூற்று நாற்பது எந்த வருடமும் பெய்ததில்லை. ஒரு வருடம் கொட்டோ கொட்டென்று கொட்டிக் கண்மாய்க் கரையை உடைக்கும். அடுத்த இரண்டு வருடம் வானம் துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி வெளுத்துக் கிடக்கும். கொட்டியதையும் கொட்டாததையும் கூட்டி வகுத்தால் வருவதுதான் சராசரி. வீட்டில் ஒருத்தன் பத்து இட்லி தின்று, இன்னொருத்தன் பட்டினி கிடந்தால், ஆளுக்கு ஐந்து என்று எழுதிக்கொள்கிற கணக்கு அது.

மதுரையிலிருந்து அலங்காநல்லூர் தாண்டி இன்னும் வடக்கே போனால், மலை ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் இந்த ஊர் வரும். இரண்டு டீக்கடைக்கு நடுவில் ஒரு ஏ.டி.எம். வந்ததிலிருந்து ஊர்க்காரர்கள் இதை டவுன் என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். மழைக்கு இங்கே ஒரு குணம் உண்டு. ஆடியில் காற்று மட்டும் வரும். தகரத்தைத் தூக்கும், துணியைப் பறக்கடிக்கும், ஒரு சொட்டுத் தராது. ஆவணி, புரட்டாசியில் மத்தியானம் வரை வெயில் மண்டையைப் பிளக்கும்; சாயங்காலம் இடியோடு வந்து ஒரு தெருவில் பெய்துவிட்டு அடுத்த தெருவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும். ஐப்பசியும் கார்த்திகையும்தான் நம்பலாம். அந்த இரண்டும் கைவிட்டால் வருடமே கைவிட்ட மாதிரி.

இதையெல்லாம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாண்டிச்செல்விக்கு மட்டும் இது வேலை.

பங்களா வளாகத்தின் மூலையில் முள்கம்பி வேலி போட்ட ஒரு சின்னச் சதுரம் இருக்கிறது. அதன் நடுவில் சிமெண்டில் பதித்த ஒரு உருளை. உருளையின் தலையில் புனல், வயிற்றில் பாட்டில். புனலில் விழுகிற மழை பாட்டிலில் சேரும். தினமும் காலை எட்டரை மணிக்கு வேலிக்கதவின் பூட்டைத் திறந்து, பாட்டிலை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்து, எத்தனை என்று மதுரை அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். அரசாங்கம் அதற்கு மழைமானி என்று பெயர் வைத்திருக்கிறது. ஊர் அதை மழை டப்பா என்கிறது.

அந்தப் பங்களாவுக்குக் காவலாளியாக இருந்தவர் பாண்டிச்செல்வியின் புருஷன் முத்துப்பாண்டி. அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மகள் சத்யப்ரியா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். முத்துப்பாண்டியின் தம்பி அழகுராஜா அங்கே இங்கே பேசி, மழை டப்பா வேலையையும் பங்களாவின் பின்பக்கத்து ஒற்றை அறையையும் மதினிக்கு வாங்கிக் கொடுத்தான். அந்த நன்றியை அவள் என்றைக்கும் மறந்ததில்லை. மறக்க அவனும் விட்டதில்லை.

வேலை என்னவோ ஐந்து நிமிடம்தான். பார்க்கிறவர்கள், இதற்கும் சம்பளமா என்று கேட்பார்கள். கொடுமை அந்த ஐந்து நிமிடத்தில் இல்லை. பெய்த நாளுக்கு மட்டும் அளந்தால் போதாது, பெய்யாத நாளுக்கும் அளக்க வேண்டும். சித்திரை வெயிலில், காக்கா வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற காலையிலும் அவள் பூட்டைத் திறந்து, காய்ந்த பாட்டிலை எடுத்து, காய்ந்த குவளையில் கவிழ்த்து, கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்து, "நில் சார்" என்று போனில் சொல்வாள். ஒன்றுமில்லை என்பதற்கு ஆபீஸ் இங்கிலீஷ் அது. பொங்கல் அன்றைக்கும் நில். தீபாவளி அன்றைக்கும், தலைவலி காய்ச்சல் என்றாலும் நில்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அழகுராஜா ஒன்று சொல்லியிருந்தான். "ஒரு நாள் விட்டுப்போச்சுன்னாலும் வருசக் கணக்கே செல்லாது மதினி. அப்பறம் வறட்சிப் பட்டியல்ல நம்ம ஊரு வராது, நிவாரணமும் வராது. பாத்துக்கங்க." அவனுக்கு அதை யார் சொன்னார்களோ. அவன் சொன்னான், அவள் நம்பினாள். மதுரையிலிருந்து வருகிற முதல் பஸ் செங்கரட்டுப்பட்டியைத் தொடும்போது எட்டரை தாண்டிவிடும். ஆகவே அவளால் வெளியூரில் ஒரு இரவு தங்க முடியாது. வருடக்கணக்காகத் தங்கவுமில்லை. வேலியின் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. உள்ளே பூட்டிக் கிடந்தது டப்பாவா அவளா என்பதை அவள் யோசிக்காமல் இல்லை.

சத்யப்ரியாவின் கல்யாணத்துக்கு இதனாலேயே முகூர்த்தத்தைப் பத்தரைக்கு மேல் வைத்தார்கள். மதுரையில் மாப்பிள்ளை வீடு இருக்கிற வில்லாபுரத்து மண்டபத்துக்குப் பொண்ணோட அம்மா வேர்க்க விறுவிறுக்க ஆட்டோவில் வந்து இறங்கியதைச் சம்பந்தியம்மா இன்றைக்கும் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். அதைக்கூடப் பாண்டிச்செல்வி பொறுத்துக்கொண்டாள். அம்மா விஷயத்தைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவள் அம்மா சின்னத்தாய் உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். ஒரு சித்திரை மாதம், விடிகிற நேரத்தில் அண்ணன் போன் பண்ணினார். "அம்மா ஒன் பேரத்தான் சொல்லிக்கிட்டு இருக்கு. ஒடனே கெளம்பி வா." உடனே ஒரு பஸ் இருந்தது. பாண்டிச்செல்வி சேலை மாற்றிக்கொண்டு, பையோடு, அந்தப் பஸ் போவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். எட்டரை ஆனது. பூட்டைத் திறந்தாள். வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. அந்த மாதம் முழுக்கவே கிடையாது. குவளையை உயர்த்திப் பார்த்து "நில் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். பஸ் உசிலம்பட்டியை நெருங்கும்போது அண்ணன் மறுபடி கூப்பிட்டார். "இனி மெதுவாவே வா தாயி" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு இத்தனை வலித்திருக்காது.

இந்த வருடம் சத்யப்ரியா முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும். ஆனால் செங்கரட்டுப்பட்டியில் இருப்பது ஒற்றை அறை. ரத்தக்கொதிப்பு இருப்பதால் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அப்படியென்றால் தாய் வில்லாபுரத்துக்குப் போக வேண்டும். சம்பந்தியம்மா போனிலேயே கேட்டுவிட்டாள்: "பிள்ளையைப் பெத்தெடுக்குறது எங்க மருமக. அளந்துக்கிட்டே இருக்குறது நீங்க. நல்லா இருக்கு." மகள் மட்டும் குத்திக் கேட்கவில்லை. ஒரு நாள், "வலி வந்தா நீ பக்கத்துல இருப்பேல்லம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். பாண்டிச்செல்வி "இருப்பேன்டி" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தாள்.

அழகுராஜாவிடம் போய் நின்றாள். அவன் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கத்தில் ஏதோ பொறுப்பில் இருந்தான். கெட்டவன் இல்லை. ஊருக்காக ஓடுகிறவன்தான். ஓடுகிறவர்களுக்கு மற்றவர்கள் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

"இந்த வருசம் போயி கேக்குறீங்களே மதினி" என்றான். "ஐப்பசி பூரா பொய்யாப் போச்சு. கார்த்திகையும் பாதி முடிஞ்சிருச்சு. சராசரில பாதிகூடத் தேறல. மழ பெஞ்சா ஊருக்கே தெரியும், அதுக்குச் சாட்சி வேணாம். பெய்யலங்கறதுக்குத்தான் சாட்சி வேணும். அது நீங்க. வேற எவனையும் நம்பி விட முடியுமா?"

"பிள்ள தனியா கெடக்கு தம்பி."

"பாப்போம். பட்டியல் வந்துரட்டும். நானே கார் வச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

பாப்போம் என்று அவன் சொன்ன காரியங்களை அவள் பார்த்திருக்கிறாள். கிணற்றில் போட்ட கல்தான்.

அப்போதுதான் ஊர்ப் பெண்கள் மழைச்சோறு எடுப்பது என்று முடிவு பண்ணினார்கள். மழை ரொம்பவும் ஏமாற்றினால் இந்தப் பக்கத்தில் செய்கிற சடங்கு அது. பெண்கள் வீடு வீடாகப் போய் உப்பில்லாத சோறு வாங்கி, எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுப் பிசைந்து, ஆளுக்கொரு துணி மூட்டையோடு ஊர் எல்லைக்கு நடப்பார்கள். மழையில்லாத ஊரில் இனிப் பிழைக்க முடியாது, நாங்கள் தேசாந்திரம் போகிறோம் என்று அங்கே உட்கார்ந்து ஒப்பாரி வைத்து அந்தச் சோற்றைத் தின்பார்கள். கடைசியில் ஊர்ப் பெரியமனிதர் ஒருவர் வந்து, மழை வரும் தாயே, வீடு திரும்புங்கள் என்று கெஞ்ச வேண்டும். பெண்கள் திரும்புவார்கள். மூட்டைக்குள் பழைய சாக்கோ கிழிந்த போர்வையோ இருக்கும். எல்லாம் நடிப்புதான். ஆனால் அழுகை நடிப்பு இல்லை. ஆளுக்கொரு காரணம் வைத்துக்கொண்டு ஆசைதீர அழுவார்கள்.

சடங்கு நாள் காலையில் நில் சொன்ன கையோடு பாண்டிச்செல்வி பக்கத்துத் தெரு அன்னக்கொடியைக் கூப்பிட்டு டப்பாவைக் காட்டினாள். அன்னக்கொடி நல்லவள், தைரியம்தான் குறைச்சல். "எனக்குக் கையும் ஓடல காலும் ஓடலக்கா" என்றாள்.

"ஒரு காலைப் பொழுதுதான்டி. நாளைக்கு எடுத்து ஊத்து. எந்தக் கோட்டுல நிக்குதுன்னு பாத்துப் போன்ல சொல்லு. ஒண்ணும் இருக்காது. நில்லுன்னு சொன்னா முடிஞ்சது."

"எதுக்கு நில்லுன்னு சொல்றீங்க? போயிட்டுத்தான இருக்கு நாளு" என்று சிரித்துக்கொண்டே அன்னக்கொடி சாவியை வாங்கி முந்தானையில் முடிந்தாள்.

பிறகு பாண்டிச்செல்வியும் மூட்டையோடு கிளம்பினாள். எல்லைக்கல் பஸ் நிறுத்தத்தை ஒட்டியே இருந்தது வசதியாகப் போயிற்று. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். அவளும் அழுதாள். வாய் வேறு என்னென்னவோ பாடினாலும் அவள் அழுதது அம்மாவுக்கு. கெஞ்சுவதற்கு அந்த வருடம் முறை வைத்து வந்தவன் அழகுராஜாதான். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, கையைக் கூப்பி, "போகாதீங்க தாயே. மழ வரும். எல்லாரும் வீடு திரும்புங்க" என்றான். பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து, சிரித்துப் பேசியபடி ஊரைப் பார்க்க நடந்தார்கள்.

பாண்டிச்செல்வி நகரவில்லை.

"மதினி, சடங்கு முடிஞ்சிருச்சு."

"தெரியும் தம்பி. நான் நெசமாவே போறேன்."

அவன் அவள் மூட்டையைப் பார்த்தான். இரண்டு நல்ல சேலையும் ஒரு மருந்து டப்பாவும் வெளியே தெரிந்தன. திரும்பிப் போய்க்கொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் நின்று பார்த்தார்கள். கூப்பிய கையை அவன் இன்னும் பிரிக்கவில்லை. தாயே என்று கெஞ்சிய வாயால் உடனே எப்படிச் சத்தம் போடுவது?

"ஒரு ராத்திரி. நாளைக்கு வந்துருவேன். அன்னக்கொடி பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு வந்த பஸ்ஸில் அவள் ஏறிவிட்டாள். பஸ் நகர்ந்தது. டிக்கெட் வாங்கவே இரண்டு தடவை சில்லறை கீழே விழுந்தது.

வில்லாபுரத்தில் மகள் வாசலுக்கே வந்துவிட்டாள். இன்றைக்கு இங்கேயே படுப்பேன் என்று சொன்னபோது நம்பாமல் மூட்டையைத் திறந்து பார்த்தாள். சேலைகளைப் பார்த்த பிறகு அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். மத்தியானம் முழுக்கப் பேசினார்கள். கால் வீக்கத்துக்குப் பாண்டிச்செல்வி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். சம்பந்தியம்மாகூட ஒரு நல்ல வார்த்தை சொன்னாள். எல்லாம் சாயங்காலம் வரைதான்.

சாயங்காலம் மேற்கே கறுத்தது. அவனியாபுரம் பக்கமிருந்து மண் வாசனை வந்தது. பிறகு பிடித்தது பாருங்கள், வருடம் முழுக்கப் பெய்யாததை ஒரே மூச்சில் பெய்து தீர்த்துவிடுகிற மாதிரி. தெருவே சந்தோஷப்பட்டது. பிள்ளைகள் மாடியில் ஆடின. பாண்டிச்செல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்னக்கொடிக்குப் போன் போட்டாள். அங்கேயும் கொட்டுகிறது என்றாள் அவள். பாட்டில் நிறைந்து வழிந்தால் உருளையில் நிற்கிற தண்ணீரையும் சேர்த்து அளக்க வேண்டும், அதை இவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று போனை வைத்த பிறகுதான் பாண்டிச்செல்விக்கு உறைத்தது. மறுபடி போட்டபோது லைன் கிடைக்கவில்லை.

"அம்மா, இங்க பெய்றது ஒன் டப்பாவுல விழாது. வந்து உக்காரு" என்றாள் மகள்.

உட்கார்ந்தாள். உடம்பு மட்டும்தான் உட்கார்ந்தது. விடிந்ததும் விடியாததுமாக, "போயிட்டு வாரேன்டி. ஒரு எட்டு பாத்துட்டு ஓடியாந்துருவேன்" என்று கிளம்பினாள். சத்யப்ரியா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பஸ்ஸில் அந்த முதுகுதான் அவள் கண்ணில் நின்றது.

அலங்காநல்லூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல் தெரியவில்லை. தண்ணீர்தான் தெரிந்தது. எட்டரை மணிக்கு அன்னக்கொடியே கூப்பிட்டாள். குரலில் பெருமை. "பாத்துச் சொல்லிட்டேன்க்கா. மூணு."

"மூணா?"

"ஆமாக்கா. மூணாவது கோடு. ரெண்டு தடவ பாத்தேன்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு வாய்க்கால் ரோட்டின் மேல் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மில்லிமீட்டர் என்பது ஒரு தூறல்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வேலிக்கு ஓடினாள். அன்னக்கொடி கதவைத் திறந்துவிட்டாள். புனல் விளிம்பு வரை தண்ணீர் நின்றது. தண்ணீருக்கு அடியில் வெள்ளையாக, ஊறி உப்பி, கெட்டியாக அடைத்துக்கொண்டு கிடந்தது சோறு. உப்பில்லாத மழைச்சோறு. புனலின் வெளிப்பக்கம் மஞ்சளும் குங்குமமும் கரைந்து ஒழுகியிருந்தன.

"யாருடி இத வச்சது?"

"எல்லாரும்தான்க்கா" என்றாள் அன்னக்கொடி, புரியாமல். "எல்லைல இருந்து வந்து எல்லா சாமிக்கும் ஆளுக்கொரு வாய் வச்சோம். மழ வந்து விழுகுற எடமே இதுதான். இதுக்கு மட்டும் வைக்காமப் போனா நல்லாவா இருக்கும்? எங்கிட்டத்தான் சாவி இருந்துச்சே. வாய்லதான ஊட்டணும்னு நல்லா அமுக்கி வச்சோம். வச்ச அன்னைக்கே பெஞ்சிருச்சு பாத்தீங்களா."

பாண்டிச்செல்விக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அன்னக்கொடியைத் திட்டவும் மனசு வரவில்லை. சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, விரலை விட்டுச் சோற்றை வழித்துப் போட்டாள்.

அந்த நேரத்தில் அழகுராஜா வந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முகமெல்லாம் பல். மூன்று மில்லிமீட்டர் என்கிற சேதி அதற்குள் சங்கம் முழுக்கப் போயிருந்தது. வயலில் தண்ணீர், கணக்கில் வறட்சி. இப்படி ஒரு வாழ்வு எந்த ஊருக்குக் கிடைக்கும்?

"நெசமாவே போறேன்னு எல்லைல நின்னீங்களே மதினி, எனக்கு அப்பப் புரியல" என்றான் தணிந்த குரலில். "நீங்க ஊர்லயே இல்ல. சோறு வச்சது சாமி கும்புட்ட பொம்பளைக. நாளைக்கு எவன் வந்து யாரக் கேக்க முடியும்? என்னா மூளை."

"நான் ஒண்ணும் செய்யல தம்பி."

"செய்யல. சரி, செய்யல." கண்ணைச் சிமிட்டினான். "நீங்க நம்ம குலசாமி. இனிமே ஒங்கள இந்த எடத்த விட்டு விடவே மாட்டோம். பிள்ளையப் பெத்ததும் சத்யாவ இங்க கூட்டியாந்துருவோம். ஒரு ரூம்பு கூட எடுத்துத் தரச் சொல்றேன்."

இதுநாள் வரை அவளைக் கட்டியிருந்தது பயம். இப்போது மாலை போட்டுக் கட்டுகிறார்கள். மழை பெய்த ஊரைப் பெய்யாத ஊர் என்று சொன்னவளாக இந்த ஊரில் அவள் மரியாதையோடு கிழவியாக வேண்டும். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நடந்ததை அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டால்? வேலையை விட்டுத் தூக்குவார்கள். தூக்கட்டும். ஊர் காறித் துப்பும். துப்பட்டும். யாரும் பிடித்து வைக்க மாட்டார்கள்.

வாழைப்பழச் சீப்பை அன்னக்கொடி கையில் கொடுத்துவிட்டு, பிரிக்காத மூட்டையோடு அடுத்த பஸ்ஸில் ஏறினாள். பாதி வழியில் மாப்பிள்ளை போன் பண்ணினார். "வலி எடுத்திருச்சு அத்த. ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கிட்டு இருக்கோம். நீங்க வாரீங்களா?" வந்துகொண்டே இருக்கிறேன் என்றாள். நேரே போய்விடத்தான் மனசு பறந்தது. ஆனால் அலுவலகத்தில் சொல்லாமல் போனால் நாளைக் காலை எட்டரைக்கு மறுபடி அந்த வேலிக்குள் நிற்க வேண்டும், மகளைப் பாதி வலியில் விட்டுவிட்டு. மதுரையில் இறங்கி ஆட்டோ பிடித்து, ஆட்டோக்காரரை அலுவலக வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

தமிழ்மாறன் என்கிற அந்தப் பொறியாளரை அவள் குரலாக மட்டுமே அறிவாள். தினமும் "நில் சார்" என்றதும் "சரிம்மா" என்று சொல்கிற குரல். நேரில் சின்னப் பையனாக இருந்தார். எழுந்து நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னாள். மகளைப் பார்க்கப் போனது, சாவியைக் கொடுத்தது, சோறு, மூன்றாவது கோடு. சோறு என்றதும் அவர் சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? போன்லயே சொல்லியிருக்கலாமே. அந்த மூணை எடுத்துடலாம். சுத்தி மழை அளக்குற ஸ்டேஷன் மூணு இருக்கு, அந்த ரீடிங்கை வச்சுச் சராசரி போட்டுக்கலாம்." கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். "அவ்வளவுதான்மா. முடிஞ்சுது."

"என்னைய வேலைய விட்டு எடுக்கலயா சார்?"

"எதுக்கும்மா?"

"ஒரு நாள் விட்டுப்போனா வருசக் கணக்கே செல்லாதுன்னு..."

"யாரு சொன்னது? எல்லா ஊர்லயும் மாசத்துக்கு ரெண்டு மூணு நாள் விட்டுப்போகும். லீவுன்னு ஒரு வார்த்தை சொன்னா நாங்க சராசரி போட்டுக்குவோம். உங்க ஊர்ல மட்டும்தான் ஒரு நாள்கூட விட்டதே இல்லை. எங்களுக்கே ஆச்சரியமா இருக்கும்."

பாண்டிச்செல்வி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"எங்கம்மா செத்த அன்னைக்குச் சித்திரை மாசம் சார். மேகமே இல்ல. நில்லுதான். நான் இருந்து பாத்துச் சொல்லிட்டுத்தான் போனேன். அன்னைக்கும் போட்டிருக்கலாமா?"

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "போட்டிருக்கலாம்மா" என்றார். "நீங்க கேட்கவே இல்லையே."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அவளை அறுத்தது. பூட்டாத கதவுக்குப் பின்னால் இத்தனை வருடம் நின்றிருக்கிறாள். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அம்மா அவள் மடியில் போயிருப்பாள். அலுவலகப் படியில் இறங்கும்போது அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. அழகுராஜா மேல் பாதி, தன் மேல் மீதி. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரி என்றதால் வேறு எதையோ நினைத்துக்கொண்டு வண்டியை வேகமாக ஓட்டினார்.

தெற்குவாசல் பாலத்தில் ஏறும்போது போன் அடித்தது. அழகுராஜா.

"மதினி, மூணு இல்லையாம், மாத்திட்டாங்களாம். ஆபீஸ்ல போயி என்ன சொன்னீங்க? ஊரே கொதிச்சுப்போய்க் கெடக்கு. மொதல்ல கெளம்பி வாங்க. சாவி வேற ஒங்ககிட்டதான் இருக்கு. நாளைக்குக் காலைல எட்டரைக்கு யாரு பாக்குறது?"

"சராசரி போட்டுக்கச் சொல்லுங்க தம்பி" என்றாள் பாண்டிச்செல்வி. போனை அணைத்துப் பையில் போட்டாள்.

மகளுக்கு அன்றைக்கு முழுக்க வலி இருந்தது. பாண்டிச்செல்வி பக்கத்திலேயே இருந்தாள். சத்யப்ரியா கத்தும்போதெல்லாம் அம்மாவின் கையைத்தான் நெரித்தாள். விடிந்த பிறகுதான் குழந்தை பிறந்தது. பொம்பளைப் பிள்ளை. வெளியே மறுபடி தூறிக்கொண்டிருந்தது. வராந்தாவில் நர்ஸ் வருவதற்காகக் காத்திருந்தபோது பாண்டிச்செல்வி தன்னையறியாமல் எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மணி எட்டரை. கை இடுப்புக்குப் போயிருந்தது. அங்கே அந்தச் சாவி இருந்தது.

"பாட்டி யாரு?" என்று கேட்டுக்கொண்டே நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையோடு வந்தாள்.

"நான்தான்மா" என்றாள். சாவியை இடுப்பிலிருந்து உருவினாள். வைக்க வேறு இடம் தெரியாமல் ஜன்னல் விளிம்பில் மழைச்சாரலில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டினாள்.